தலைக்கவசத்தில் ஒரு பால்மரக் கோடு

"மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். முகம் யாருக்கும் தெரியாது. அது நீங்கள்தான் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?"

ஈப்போவில் ஒரு சனிக்கிழமை காலை, முப்பது தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம் நான் கேட்ட கேள்வி இது. கார் பந்தய வீரருக்குத் தலைக்கவசம் வடிவமைக்கும் போட்டி. வானொலி அறிவிப்பாளர் என்பதால் நிகழ்ச்சியை வழிநடத்த அழைத்தார்கள். கடைசி நேரத்தில் ஒரு நடுவர் வராததால் அந்த நாற்காலியிலும் என்னையே உட்கார வைத்துவிட்டார்கள். மைக் பிடிக்கிறவளுக்கு ஓவியத்துக்கு மதிப்பெண் போடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

முதல் நாள் இரவு கொஞ்சம் படித்துக்கொண்டுதான் போயிருந்தேன். ஃபார்முலா 1 வீரரின் தலைக்கவசம் சுமார் ஒன்றேகால் கிலோ எடைதான். கார்பன் இழையால் ஆன ஓடு அது. உயிரைக் காப்பது அந்த ஓடு. ஆளைக் காட்டுவது அதன் மேல் பூசும் வண்ணம். பிரிட்டனின் கிரகாம் ஹில், தாம் துடுப்புப் போட்ட லண்டன் படகுக் குழுவின் வண்ணங்களை அணிந்தார். கருநீலத்தில் வெள்ளைத் துடுப்புகள். ஸ்காட்லாந்துக்காரர் ஜாக்கி ஸ்டூவர்ட் தம் மண்ணின் கட்டம்போட்ட துணி வடிவத்தைப் பட்டையாகச் சுற்றிக்கொண்டார். பிரேசிலின் அயர்டன் சென்னாவுக்கு மஞ்சளும் பச்சையும் நீலமும். தூரத்திலிருந்து பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும்.

இந்த அடையாளம் எவ்வளவு முக்கியம் என்றால், வீரர்கள் பந்தயத்துக்குப் பந்தயம் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால், 2015-ல் அதற்குத் தடையே போட்டார்கள். 2020-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் கொடுத்தோம். நெருப்பு வந்தது. புலி வந்தது, மின்னல் வந்தது, மண்டை ஓடு வந்தது. தேசியக் கொடி ஏழெட்டு. எல்லாம் பளபளவென்று அழகாகத்தான் இருந்தன.

ஒரு தாள் மட்டும் வெறிச்சென்று இருந்தது. முழுவதும் பழுப்பு நிறம். ஒரே ஒரு வெள்ளைக் கோடு, இடப்பக்கம் மேலே தொடங்கிச் சரிந்து வலப்பக்கம் இறங்கியது. அது முடியும் இடத்தில் சின்னக் கிண்ணம் போல ஏதோ ஒன்று. நெற்றியில் மஞ்சள் வட்டம். 'வேலைப்பாடு குறைவு' என்று எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்துப் போட்டேன். முதல் பரிசு நெருப்புக்குப் போனது.

பரிசளிப்புக்குப் பிறகு நேரம் மிச்சம் இருந்தது. ஆளுக்கு ஒரு நிமிடம் தங்கள் படத்தைப் பற்றிப் பேசச் சொன்னேன். பழுப்புத் தாளோடு ஓர் ஐந்தாம் ஆண்டு மாணவி வந்தாள்.

"இது எங்க பாட்டி வெட்டின கோடு அக்கா. பால்மரத்துல இப்படித்தான் சாய்வா வெட்டுவாங்களாம். இது மங்கு. பால் இதுலதான் விழும். இது தலையில கட்டுற விளக்கு. இருட்டுலயே வேலைக்குப் போவாங்களாம்."

மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. என் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தான். அந்தக் கோடு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் விடியுமுன் வெட்டுவார்கள். உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு நின்றால் பால் வராது. அந்த ஒற்றைக் கோட்டுக்குள் அத்தனை கைப்பழக்கம் இருக்கிறது. அதைத்தான் நான் வேலைப்பாடு குறைவு என்று எழுதினேன்.

கார் பந்தயத்துக்கும் பால்மரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள், 1877-ல் நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் கார்கள் பெருகி, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டபோதுதான் தோட்டங்கள் மளமளவென்று பரவின. அவற்றுக்கு ஆள் வேண்டும் என்றுதான் நம் முன்னோரில் பலர் கப்பலேற்றப்பட்டார்கள். கார் ஓடத் தொடங்கியதால்தான் பலரின் குடும்பக் கதை பேராக்கில் தொடங்கியது. இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளும் காலியாகிவிட்டன. தலைக்கவசத்தில் அந்தக் கோட்டைப் போட நமக்கு உரிமை இருக்கிறது.

2017 பருவத்துக்கு முன், லூயிஸ் ஹாமில்டன் தம் தலைக்கவசத்தை வடிவமைக்கச் சொல்லி ரசிகர்களிடமே போட்டி வைத்தார். 8,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. பிரேசிலைச் சேர்ந்த ராயி கல்டாட்டோ வென்றார். வரைகிற கைக்கும் இந்த விளையாட்டில் இடம் உண்டு என்பதற்கு இது ஒரு சான்று. "படம் வரைந்தால் சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி யாராவது என்னை நடுவராக அழைத்தால் ஒரு நிபந்தனை வைப்பேன். முதலில் பிள்ளைகள் பேசட்டும். மதிப்பெண் பிறகு.

புறப்படும்போது அந்த மாணவியிடம் போய், "தப்பா மார்க் போட்டுட்டேன்மா" என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாளைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"பரவால்ல அக்கா. பாட்டிகிட்ட காட்டணும். கோடு சரியான பக்கம் சாயுதான்னு அவங்கதான் பார்த்துச் சொல்லணும்."