தூளியில் தனியாகப் பேசும் குழந்தை

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்பியிருக்கிறீர்கள். படுத்ததும் தூளியில் கிடக்கும் எட்டு மாதக் குழந்தை "பாபாபா, தாதாதா" என்று ஆரம்பிக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. பசியும் இல்லை, பசித்தால் அழுதிருக்கும். யாரோடு பேசுகிறது?

தன்னோடுதான். அந்த ஒலி அதற்கே பிடித்திருக்கிறது.

நாம் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால், அதில் நமக்கு ஏதோ பலன் கிடைக்கிறது என்று பொருள். பல நேரம் அந்தப் பலன் அடுத்தவரிடமிருந்து வரும். குழந்தை கையை நீட்டுகிறது, நீங்கள் தூக்கிக்கொள்கிறீர்கள். சில செயல்களுக்கோ பலன் உள்ளேயே இருக்கிறது. முதுகைச் சொறிந்தால் அரிப்பு அடங்குகிறது. அதற்கு யாருடைய தயவும் வேண்டாம். இதைத் தன்னியக்க வலுவூட்டல் (பிறர் எதுவும் தராமல் செயலிலிருந்தே கிடைக்கும் பலன்) என்கிறார்கள்.

மழலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1957-ல் 'வெர்பல் பிஹேவியர்' என்ற நூலில் இதைப் பற்றி எழுதினார். பாலும் அணைப்பும் வரும்போதெல்லாம் அம்மாவின் குரலும் கூடவே வருகிறது. நாளடைவில் அந்தக் குரலே குழந்தைக்கு இனிக்கத் தொடங்குகிறது. தற்செயலாகத் தன் வாயிலிருந்தும் அதைப் போன்ற ஓர் ஒலி வந்தால் காது கேட்டு மகிழ்கிறது. அதனால் அதே ஒலி மறுபடி வருகிறது.

இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. பலன் கண்ணுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் 'அது தானே கிடைக்கிறது' என்று சொல்லிவிட்டால் அது விளக்கம் ஆகுமா என்று மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1959-ல் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு மொழி முழுவதும் இந்த ஒரே வழியில் வந்துவிடாது. ஆனால் தன் குரலைத் தானே கேட்பது முக்கியம் என்பதில் ஐயமில்லை. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளும் முதல் மாதங்களில் ஒலி எழுப்புகிறார்கள். 'பாபா', 'தாதா' போன்ற தெளிவான அசைகள்தான் அவர்களுக்கு மிகவும் பிந்துகின்றன.

எங்கள் வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், கடையில் தமிழ். குழந்தை குழம்பாதா? ஓசூர்ப் பக்கம் பலருக்கும் இருக்கும் கவலை இது. பாட்டி "ரா" என்கிறார், எதிர்வீட்டு அக்கா "பா" என்கிறார், மளிகைக்கடை அண்ணன் "வா" என்கிறார். மூவரும் சிரித்துக்கொண்டே கை நீட்டினால் மூன்று ஒலியும் குழந்தைக்கு இனியவைதான். பல மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை. பள்ளிக்கூடத்துக்காக என்று வீட்டு மொழியைக் கைவிடாதீர்கள். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சத் தெரியுமோ அதிலேயே கொஞ்சுங்கள்.

மழலை தானே வளருமென்றால் நான் செய்ய வேண்டியது என்ன? பதில் சொல்வது. எட்டு மாதக் குழந்தைகளை வைத்து 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது. குழந்தை ஒலி எழுப்பிய உடனே அம்மா சிரித்துத் தொட்டபோது, அடுத்தடுத்து வந்த ஒலிகள் பேச்சுக்கு இன்னும் நெருக்கமாக இருந்தன. காலம் தவறித் தொட்டபோது அப்படி நடக்கவில்லை. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். கிடைக்கிற பத்து நிமிடத்தில், குழந்தை ஒலித்ததும் பதில் கொடுங்கள்.

அந்த வேலையைப் போன் செய்யாதா? செய்யாது. அதே 2003-ல் வந்த இன்னோர் ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டை நேரில் பேசியவரிடம் கற்றுக்கொண்டார்கள். அதையே வீடியோவில் பார்த்தவர்கள் கற்கவில்லை. போன் பேசும், ஆனால் குழந்தைக்குப் பதில் சொல்லாது.

இனி, கொஞ்சம் வளர்ந்த பிள்ளை. நான்கு வயதாகியும் டிவி விளம்பர வரியையே நாள் முழுக்கச் சொல்கிறான், கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. "கண்டுக்காதீங்க, தானா நின்னுடும்" என்கிறார்கள். நிற்குமா?

அது அவனுக்குப் பலன் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் கவனத்துக்காகச் சொல்கிறான் என்றால், திட்டுவதும் அவனுக்குக் கவனம்தான். அங்கே கண்டுகொள்ளாமல் இருப்பது ஓரளவு உதவலாம். பலன் அந்த ஒலியிலேயே இருந்தால் உதவாது. நீங்கள் கொடுக்காத ஒன்றை உங்களால் நிறுத்த முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். எப்போது சொன்னான், யார் இருந்தார்கள், அடுத்து என்ன நடந்தது என்ற மூன்றும் போதும். யாருமில்லாத அறையிலும் அதே அளவு சொல்கிறான் என்றால், பலன் பெரும்பாலும் ஒலியில்தான். நீங்கள் வந்ததும் கூடுகிறது என்றால் உங்களிடம் எதையோ கேட்கிறான். தெரபிஸ்டைப் பார்க்கும்போது இந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.

பலன் ஒலியில் என்றால் என்ன செய்வது? அடிக்காதீர்கள், வாயைப் பொத்தாதீர்கள். அந்த ஒலி அவனை அமைதிப்படுத்தவும் செய்யலாம். பாட்டு, தாளம், சத்தமிடும் பொம்மை என்று அதே இன்பத்தை வேறு வழியில் கொடுத்துப் பாருங்கள். கூடவே கேட்டுப் பெறுவதைக் கற்றுக்கொடுங்கள். தண்ணீருக்குக் கை நீட்டினால், வீட்டு வழக்கப்படி "தண்ணி" என்றோ "நீள்ளு", "நீரு" என்றோ சொல்லிக்கொண்டே கொடுங்கள். பிறகு, அவன் சொல்வதற்கு ஒரு கணம் காத்திருங்கள். அரைகுறையாக வந்தாலும் உடனே கொடுத்துவிடுங்கள். சொல்லாவிட்டாலும் தாகத்தோடு காக்க வைக்காதீர்கள். சொன்னால் கிடைக்கும் என்பது அவனுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது மருத்துவரிடம் போவது? 12 மாதத்தில் மழலை இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தால், வயது என்னவானாலும் உடனே போங்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். திடீரென்று தலையிலோ காதிலோ அடித்துக்கொண்டால் காதுவலி, பல்வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கே போவது? 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் (18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) வழியாக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் நடக்கின்றன. அரசு மருத்துவமனையில் அல்லது அங்கன்வாடியில் கேளுங்கள். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே ஓசூர் சாலையிலேயே இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவு உண்டு. பரிசோதனையில் ஆட்டிசம் (பேச்சையும் பழகுவதையும் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடு) என்று உறுதியானால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் அதுவும் ஒன்று. சான்றிதழ் வாங்கத் தயங்காதீர்கள்.

இப்போது தூளியிலிருந்து மறுபடி "பாபாபா" கேட்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, தெரியும். படுத்தபடியே ஒருமுறை "என்னடா தங்கம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுங்கள். மிச்ச நேரம் குழந்தை தன்னோடு பேசிக்கொள்ளட்டும்.