டவுன்லோடில் முதலிடம், வசூலில் பின்வரிசை: மொபைலில் நகரம் கட்டும் இந்தியர்கள் காசு கொடுப்பதில்லையா?

தருமபுரியில் காலையில் ஓசூர் பஸ் ஏறுகிறீர்கள். பக்கத்து சீட்காரர் போனில் மும்முரமாக ரோடு போடுகிறார், தண்ணீர்த் தொட்டி வைக்கிறார், அடுக்குமாடி எழுப்புகிறார். 2011 கணக்கெடுப்பின்படி, தருமபுரி மாவட்டத்தில் நூறில் 83 பேர் கிராமவாசிகள். வேலைக்காக நகரத்துக்குப் போகிறவரின் கைக்குள் அவருக்கே அவருக்கென்று ஒரு நகரம்! இத்தனைக்கும் அவர் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க மாட்டார். அப்படியென்றால் கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

விற்பது கட்டடம் அல்ல, காத்திருப்பு

ஃபின்லாந்தின் சூப்பர்செல் 2012-ல் வெளியிட்ட 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்', எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2014-ல் கொண்டுவந்த 'சிம்சிட்டி பில்ட்இட்', பிளேரிக்ஸின் 'டவுன்ஷிப்' எல்லாமே இலவசம்தான். முதல் கட்டடம் சில நொடிகளில் எழும்பிவிடும். போகப் போக மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். பொறுமை இருந்தால் காத்திருக்கலாம். இல்லையென்றால் காசு கொடுத்து வைரம் வாங்கி உடனே முடிக்கலாம். பெரும்பாலானவர்கள் காத்திருப்பார்கள். அவசரப்படும் சிலரிடமிருந்துதான் பெரும் வருமானம் வருகிறது.

இந்தியாவில் என்ன சிக்கல்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிந்தது. மொபைல் கேம் டவுன்லோடில் இந்தியா உலகின் முதலிடத்துக்கு வந்தது. ஆனால், பெரிய பணம் இன்றும் அமெரிக்கா, சீனா, ஜப்பானிலிருந்துதான் கிடைக்கிறது.

காரணம் கஞ்சத்தனம் அல்ல, எளிய கணக்குதான். 500 ரூபாய் வைரப் பொதி, அமெரிக்காவில் ஒரு மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு. இங்கே பலருக்கு அது ஒரு நாள் சம்பளம். கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களும் குறைவு. யுபிஐ வந்ததால் பணம் கட்டும் வழி சுலபமானது, அவ்வளவுதான். பையில் இருக்கும் பணம் கூடிவிடவில்லை.

அப்படியானால் நாம் எதற்கு?

இரண்டு காரணங்கள். ஒன்று, விளம்பரம். பல கேம்களில் அரை நிமிட வீடியோ பார்த்தால் பரிசு உண்டு. நாம் கொடுக்கும் விலை நம் நேரம். ஆனால் அதே விளம்பரத்துக்கு அமெரிக்காவில் கிடைக்கும் தொகையைவிட இங்கே மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

இரண்டாவது, கூட்டம். காசு கட்டி பலமான கோட்டை எழுப்புகிறவருக்கு மோதி ஜெயிக்க எதிராளிகள் வேண்டாமா? இலவசமாக ஆடுபவர்கள்தான் அந்த எதிராளிகள். ஆளே இல்லாத ஊரில் யார் காசு போட்டுக் கோட்டை கட்டுவார்கள்?

நகரம் யாருக்குச் சொந்தம்?

2020 ஜூன் 29-ல் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் 'கிளாஷ் ஆஃப் கிங்ஸ்' இருந்தது. செப்டம்பர் 2-ல் மேலும் 118 செயலிகளுக்குத் தடை. பப்ஜி பற்றித்தான் எல்லோரும் பேசினோம். அதே பட்டியலில் 'ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ்' என்ற நகரம் கட்டும் கேமும் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31-ல் பேஸ்புக்கில் இருந்த 'ஃபார்ம்வில்'லுக்கும் மூடுவிழா நடந்தது. தடையோ, கம்பெனி முடிவோ, கதவு சாத்தப்பட்டால் பார்த்துப் பார்த்துக் கட்டியதெல்லாம் போச்சு.

இந்த நகரங்கள் இருப்பது நம் போனில் அல்ல, கம்பெனியின் சர்வரில். வாங்கிய வைரமும் சொத்து அல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. விதிமுறைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நாம்தான் படிக்காமல் 'ஓகே' தட்டிவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

வீட்டில் குழந்தைகள் போன் எடுப்பார்கள் என்றால், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். நீங்களே ஆடுபவர் என்றால், மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முன்பே முடிவு செய்யுங்கள். சினிமா டிக்கெட் மாதிரி அது பொழுதுபோக்குச் செலவு. திரும்பி வராது.

மற்றபடி, ஓசூர் வரும்வரை தாராளமாக நகரம் கட்டலாம். பட்டா மட்டும் உங்கள் பெயரில் இல்லை என்பது ஞாபகம் இருந்தால் போதும்.