வண்டி ஏறிய ஓடம்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

“ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்” என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. விண்வெளி சென்று மீண்ட ஓடம் ஒன்று ஜெட் விமானத்தின் முதுகில் அமர்ந்து செல்லும் காட்சியைக் கண்டபோது எனக்கு அப்பழமொழிதான் நினைவுக்கு வந்தது.

2012 செப்டம்பர் 21. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மக்கள் மாடிகளிலும் குன்றுகளிலும் கூடி நின்று அண்ணாந்து பார்த்தனர். 25 முறை விண்வெளிக்குச் சென்று வந்த ‘எண்டெவர்’ ஓடத்தைச் சுமந்தவாறு ஒரு போயிங் 747 விமானம், சாக்ரமெண்டோ, சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் மேல் தாழப் பறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கியது. அதுவே அத்தகைய கடைசிப் பயணம். நான் அப்போது சிறு பிள்ளை. சென்ற ஆண்டு எங்கள் இயற்பியல் மன்றத்தில் பேசத் தலைப்புத் தேடியபோதுதான், கைப்பேசியில் அந்தப் படத்தைக் கண்டேன்.

என் தந்தையார் லாரி செட்டில் லோடுமேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘தனியார் வேலை’ என்று எழுதியவன் நான். வேலை முடிந்து வந்து அருகில் அமர்ந்த அவரிடம், இவருக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்ற எண்ணத்தோடுதான் படத்தைக் காட்டினேன்.

“பறக்கத் தெரிஞ்சதை எதுக்குத் தம்பி இன்னொண்ணு தூக்கிட்டுப் போகுது?” என்றார்.

நல்ல கேள்வி! ஓடத்தின் பின்புறமுள்ள மூன்று பெரிய எஞ்சின்களும், வெளியே பொருத்தப்பட்ட தொட்டியின் எரிபொருளால் இயங்குபவை. சுற்றுப்பாதையை அடையுமுன்பே அத்தொட்டி கழன்று விழுந்துவிடும். திரும்பி வரும்போது காற்றில் பறக்க ஓடத்துக்கு எஞ்சின் இல்லை. அது சறுக்கி இறங்கும் வெறும் சிறகுதான். புளோரிடாவில் வானிலை சரியில்லையென்றால் மேற்கே கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் இறக்குவார்கள். 133 தரையிறக்கங்களில் 54 அங்கேதான் நிகழ்ந்தன. அங்கிருந்து ஏவுதளம் நாட்டின் மறுகோடியில் இருக்கிறது. ஆகவே யாராவது சுமந்துதான் ஆகவேண்டும்.

“எத்தனை டன்னு? எப்படி ஏத்தினாங்க? கட்டு எங்கே போட்டிருக்காங்க?”

எடை ஏறத்தாழ 70 டன். பெரிய இரும்புச் சட்டகம் ஒன்று ஓடத்தை மேலே தூக்கிப் பிடிக்க, அதன் அடியில் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்திப் பொருத்துவார்கள். கயிறு இல்லை, சங்கிலி இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்றே தாங்கிகள். ஒரு தாங்கியில், “ஓடத்தை இங்கே பொருத்தவும், கருப்புப் பக்கம் கீழே இருக்கட்டும்” என்று வேடிக்கையாக எழுதியும் வைத்திருந்தார்கள். அதைச் சொன்னபோது அப்பா வெகுநேரம் சிரித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்காவிட்டாலும், கண்ணாடிப் பெட்டியில் அம்புக்குறி மேல்நோக்கி இருக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

“முன்பாரமா, பின்பாரமா?” என்பது அடுத்த கேள்வி. நாங்கள் வகுப்பில் ஈர்ப்பு மையம் என்று படிப்பதுதான் அது! விமானமும் ஓடமும் சேர்ந்த மொத்த எடையின் மையம், இறக்கைகளின் தூக்குவிசைக்குப் பொருத்தமான இடத்தில் அமையவேண்டும். இல்லையேல் மூக்கு நிமிரும், அல்லது கவிழும்.

“காத்து அடிக்குமே?”

அடிக்கும். ஓடத்தின் மொட்டையான பின்புறம் காற்றைக் கலக்கிவிட்டால் விமானத்தின் வால் நடுங்கும். எனவே அங்கே கூம்பு வடிவ மூடி ஒன்றைப் பொருத்தினார்கள். விமானத்தின் கிடைவாலின் இரு முனைகளிலும் செங்குத்தான தகடுகளைச் சேர்த்தார்கள். அப்படியும் காற்றின் தடை மிகுதி. சுமையோடு ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர்தான் பறக்க முடிந்தது. ஆகவே வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டே சென்றனர்.

“மழை வந்தா? தார்ப்பாய் போட முடியாதே!”

இந்த இடத்தில் நான் திகைத்துப் போனேன். ஓடத்தின் மேலுள்ள சிலிக்கா ஓடுகள் கடும் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் வேகத்தில் மோதும் மழைத்துளியைத் தாங்கமாட்டா. அதற்காகவே இன்னொரு விமானம் முன்னே பறந்து, மேகம் இல்லாத வழியைப் பார்த்துச் சொல்லும்.

இம்முறை சுமப்பதற்கு மட்டும் பயன்படவில்லை. 1977 ஆகஸ்ட் 12 அன்று ‘எண்டர்பிரைஸ்’ என்னும் சோதனை ஓடத்தை வானில் விடுவித்து, அது சறுக்கி இறங்குமா என்று பார்த்ததும் இதே விமானத்தின் முதுகிலிருந்துதான். நம் இஸ்ரோவும் 2023 ஏப்ரல் 2 அன்று, சிறகுள்ள மறுபயன்பாட்டு ஊர்தி ஒன்றைச் சினூக் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு, 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவித்தது. கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் ஆளின்றித் தானே அது ஓடுபாதையில் இறங்கியது. முதலில் தூக்கிச் செல்ல ஒருவர் இருந்தால்தான், பின்னர் தனியே இறங்கிப் பழக முடிகிறது.

ஓடங்களின் பெயர்களை உலகம் அறியும். சுமந்த விமானங்கள் இரண்டுக்கும் பதிவெண்கள் மட்டுமே. ஆயினும் ஒன்று ஹூஸ்டனில், முதுகில் மாதிரி ஓடத்தோடு இன்றும் காட்சிக்கு நிற்கிறது.

மன்றக் கூட்டத்தில் அப்பா கேட்ட வரிசையிலேயே பேசினேன். முடிந்ததும் பேராசிரியர், “கேள்விகளை நன்றாக அடுக்கியிருக்கிறாய். எந்த நூலில் எடுத்தாய்?” என்றார்.

“நூல் இல்லை ஐயா. என் தந்தை லாரி செட்டில் லோடுமேன். கேள்விகள் அவருடையவை” என்றேன்.

இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவத்திலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.