உங்களுக்குத் தெரியுமா? இடிக்காமலே மாறிய அடுக்குமாடி

பிரான்சின் போர்தோ நகரில், கிரான் பார்க் பகுதியில், 1960களில் கட்டிய மூன்று குறைந்த வாடகை அடுக்குமாடிகளில் 530 வீடுகள் உள்ளன. இடிப்பதா என்ற பேச்சும் எழுந்தது. லகாத்தோன், வசால் உள்ளிட்ட கட்டடக் கலைஞர்கள் வேறு வழி கண்டனர். பழைய சுவரின் சிறு ஜன்னல்களை அகற்றி, முன்வார்ப்புக் கான்கிரீட்டால் 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடிக் கூடமும் பால்கனியும் சேர்த்தனர். குளிர்காலத்தில் கூடத்தின் நகரும் தகடுகளைச் சாத்தினால் வெயிலின் சூடு உள்ளே தங்கும். கோடையில் அவற்றைத் திறந்து, வெயிலைத் திருப்பும் திரையை இழுத்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். கூடத்தின் ஆழமே உள்ளறைக்கு நிழலாகும். ஏ.சி.யை நம்பாத ஏற்பாடு இது. அதைவிடப் பெரிய விஷயம், வேலை நடந்தபோதும் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. 2019-இல் இத்திட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோ விருதைப் பெற்றது.