விசைகள் சில, விருப்பங்கள் பல

தமிழ் எழுத்துக்கள் 247. விசைப்பலகையில் எழுத்துக்குரிய விசைகளோ ஐம்பதை எட்டா. இந்நெருக்கடியைத் தீர்க்க 1985ஆம் ஆண்டிலே முற்பட்டவர் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். கவிஞர் முரசு நெடுமாறனின் புதல்வர். அம்முயற்சியின் விளைவே 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருள்.

உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியன விசையிலிருந்தாற் போதும். உயிர்மெய் 216ஐயும் கணினியே கூட்டிக்கொள்ளும். ஆனால், பழக்கம் பொல்லாதது! பழைய தட்டச்சுப் பொறியிற் கைபழகியவர் அதனையே கேட்பார். ஆங்கில விசைகளில் ஒலியைத் தட்டித் தமிழ் எழுதியவர் அதை விடார். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி எழுந்த 'தமிழ் 99' முறையே சிறந்ததென்பார் வேறு சிலர். திருநெல்வேலியிலே பல்கலைக்கழகம் செல்லும் நம் மாணவர்க்கோ ரெங்கநாதன் விசைப்பலகை என்றொன்றும் உண்டு. ஒரே முறையைத் திணித்திருந்தால் பலர் விலகியிருப்பர். தெரிவைப் பயனாளரிடமே விட்டதுதான் முரசின் சாதுரியம் என்போம்.

2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரிலே 'செல்லினம்' வெளிவந்தது. கைத்தொலைபேசியிலே தமிழ்க் குறுஞ்செய்தி எழுத வழி பிறந்தது. ஆப்பிள் கணினிகளிலுள்ள 'தமிழ்ச் சங்கம் எம். என்.' எழுத்துருவும் அவருடையதே. அந்த 'எம். என்.' எதன் சுருக்கமென்று மாணவர் இதற்குள் ஊகித்திருப்பர்.