குடுவைச் செடி வாங்கும் முன் ரசீதைக் கேளுங்கள்

ஏற்காட்டில் மத்திய அரசின் ஆர்க்கிட் தோட்டத்தில் பூச்சி தின்னும் குடுவைச் செடியைப் பார்த்துவிட்டு மலையிறங்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் சிலர் அடுத்து செய்யும் காரியம் ஒன்றுதான். கைப்பேசியில் தேடி, முகம் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்பி, கூரியரில் ஒரு செடியை வரவழைத்துவிடுகிறார்கள். என்ன இனம் என்று கேட்டால், "பிட்சர் பிளான்ட் சார்" என்கிறார்கள். ரசீது? இல்லை. யாரிடம் வாங்கினீர்கள்? அந்த எண் இப்போது அணைந்துகிடக்கிறது. இதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் எழுதுகிறேன்.

இந்தியக் காடுகளில் தானாக விளையும் நெப்பந்தஸ் எனும் குடுவைச் செடி இனம் ஒன்றே ஒன்று: மேகாலயத்து மலைகளின் நெப்பந்தஸ் காசியானா. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புலி, யானையை மட்டும் காப்பதில்லை, இந்தச் செடியையும் காக்கிறது. முன்பு ஆறாம் அட்டவணையில் இருந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் மூன்றாம் அட்டவணை. 17-சி பிரிவின்படி உரிமம் இல்லாமல் வளர்க்கக் கூடாது. 17-ஜி பிரிவின்படி உரிமம் பெற்ற வியாபாரியிடம் அன்றி வாங்கவும் கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "நான் காட்டில் பிடுங்கவில்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது. செடி உங்களிடம் இருப்பது உறுதியானால், அது முறையாக வந்தது என்று காட்டும் பொறுப்பு 57ஆம் பிரிவின்படி உங்களுடையது. ரசீது இல்லாதவர் எதைக் காட்டுவார்?

நர்சரிகளில் தொங்கும் தொட்டியில் விற்பது பெரும்பாலும் வென்ட்ராட்டா என்ற கலப்பினம். பிலிப்பைன்ஸ் இனங்களின் வாரிசான இதற்கு இந்த உரிமம் வேண்டாம். ஆனால் சிறு நாற்றைப் பார்த்து இது வென்ட்ராட்டா, இது காசியானா என்று புதியவரால் பிரிக்க முடியாது. அதனால் ரசீதில் தாவரவியல் பெயர், விற்பவர் முகவரி, தேதி மூன்றும் இருக்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கலப்பினம் உண்டாக்க ஆசைப்படுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் பூப்பது அரிது என்பதால், மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்துத் தபாலில் அனுப்பிக்கொள்கிறார்கள். காசியானாவின் மகரந்தமும் அந்தச் செடியின் பகுதிதான், சட்டம் பகுதியையும் சேர்த்தே சொல்கிறது. "பொடிதானே" என்று நினைக்காதீர்கள். அதைக் கலந்து பெறும் நாற்றுக்கு உரிமம் வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யாமல், முன்கூட்டியே வனத்துறையிடம் எழுத்தில் விளக்கம் வாங்குங்கள்.

மலேசியாவிலிருந்து வரும் மாமா பெட்டியில் நாற்று கொண்டுவருவதும் இப்படித்தான். அனைத்து நெப்பந்தஸும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவை, காசியானாவும் போர்னியோவின் நெப்பந்தஸ் ராஜாவும் மிகக் கடுமையான முதல் இணைப்பில். அங்கிருந்து சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதியும் தாவரநலச் சான்றும், இங்கே 2003ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் வேண்டும். பயணத்துக்கு முன்பே சென்னை மீனம்பாக்கத்தில் உள்ள மண்டலத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் கேளுங்கள். விமானம் இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

காசியானா வளர்க்க உரிமம் தருபவர் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர், அல்லது அரசு அதிகாரம் அளித்த அலுவலர். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் தங்கள் மாவட்ட வன அலுவலர் வழியாக மனுவை அனுப்பலாம். மான்கொம்பு என்றால் எழுந்து நிற்கும் அலுவலகங்கள், செடிக்கு உரிமம் என்றால் விழிக்கின்றன. முப்பது வருடத்துக்கு மேலாக நடப்பில் உள்ள விதியை மனுதாரர் வந்து பாடம் எடுக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆனாலும் எடுங்கள். மனுவின் தலைப்பிலேயே "பிரிவு 17-சி, அட்டவணை 3" என்று எழுதுங்கள், பழைய மாதிரியைப் பார்த்து "அட்டவணை 6" என்று எழுதினால் அதையே காரணமாக்கித் திருப்புவார்கள். தாவரவியல் பெயர், எண்ணிக்கை, வளர்க்கும் இடத்தின் கதவு எண், விற்பவரின் உரிம எண், எல்லாம் இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி, தபால் ரசீதை நகலோடு ஒட்டிவையுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

ஏற்கெனவே காசியானா வீட்டில் இருந்தால் விற்காதீர்கள், நண்பருக்குக் கொடுக்காதீர்கள், வேலியோரம் வீசாதீர்கள். நண்பருக்குக் கொடுத்தால் அவரும் சிக்குவார். பணம் அனுப்பிய விவரத்தையும் உரையாடலையும் அச்செடுத்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு, மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. அதுவரை செடிக்கு மழைநீரையே ஊற்றுங்கள், நம் மாவட்டத்து உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர் அதைக் கொன்றுவிடும்.