செஞ்சிக் கோட்டையும் சதுரங்கச் சிறுவனும்

செஞ்சி மாநகரில் வாழும் மாணவர்களுக்குக் கோட்டை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதிலால் பிணைத்து, நடுவே அரசனைப் பத்திரமாக இருத்திய அமைப்பை நாள்தோறும் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இம்மதில்களுக்கு வெளியே காத்துக் கிடந்தது. சதுரங்கத்திலும் இத்தகையதோர் ஏற்பாடு உண்டு. அரசனை யானை நிற்கும் பக்கமாக இரண்டு கட்டம் நகர்த்தி, யானையைத் தூக்கி அரசனுக்கு மறுபுறம் வைப்பதைக் கோட்டை கட்டுதல் என்கிறோம். ஒரே நகர்வில் இரு காய்கள் இடம் மாறுவது ஆட்டம் முழுவதிலும் இந்த ஒரு முறைதான்.

முற்றுகையைப் போலவே இவ்வாட்டமும் பொறுமையின் கலை என்று பெரியோர் கூறுவர். ஆனால் நம் நாட்டில் இவ்வாட்டத்துக்குப் புதுவழி திறந்த சிறுவனிடம் முதலில் காணப்பட்டது பொறுமையன்று, வேகமே. அச்சிறுவன் விசுவநாதன் ஆனந்த். 1969 டிசம்பர் 11ஆம் நாள் மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையில் வளர்ந்தவர். ஆறு வயதில் அன்னை சுசீலா அவருக்கு ஆட்டம் கற்பித்தார்.

தந்தையார் இரயில்வே அலுவலர். அவர் பணி நிமித்தமாகப் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகருக்குச் சென்றபோது குடும்பமும் உடன் சென்றது. 1978இல் அந்நாட்டின் பாகியோ நகரில்தான் கார்ப்போவும் கார்ச்னாயும் உலகப் பட்டத்துக்காக மோதினர். நாடெங்கும் சதுரங்க மோகம் பரவியிருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் வேளையில் சதுரங்கப் புதிர்கள் காட்டுவார்கள். மகன் பள்ளியில் இருப்பானே! அன்னையார் புதிரைக் குறித்து வைப்பார்; மாலையில் இருவரும் விடை கண்டு அனுப்புவார்கள்; பரிசாகப் புத்தகம் வரும். பரிசு ஓயாமல் இவருக்கே போவதைக் கண்டு, "வேண்டிய புத்தகங்களையெல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே" என்ற பொருள்பட நிலையத்தார் கேட்டுக்கொண்டார்களாம். பிள்ளையின் அறிவைப் புகழும் நாம் அந்தத் தாயின் குறிப்பேட்டை மறந்துவிடுகிறோம் என்பது என் குறை.

சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகம் இயங்கிவந்தது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் அதை வளர்த்தார். அங்கே சிறுவர்கள் சில நிமிடங்களில் முடியும் மின்னல் ஆட்டங்களை விரும்பி ஆடினர். தோற்றவர் எழுந்துவிட வேண்டும். வென்றவர் நாற்காலியிலேயே இருக்கலாம். காத்திருப்போர் பலராதலின், நாற்காலியை விடாதிருக்க வேண்டுமானால் விரைந்தும் பிழையின்றியும் ஆடவேண்டும். ஆனந்தின் வேகம் பிறவிக் கொடையாக இருக்கலாம். எனினும் அதைச் சாணை பிடித்தது அந்த நாற்காலியே.

இனிப் போட்டிகளுக்கு வருவோம். இளையோர் போட்டிகளில் பெரும்பாலும் சுவிஸ் முறையே வழக்கம். தோற்றவரை இதில் வெளியேற்றுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒத்த புள்ளி பெற்றவர்களை எதிரெதிரே அமர்த்துவர். ஆகவே வெல்ல வெல்ல எதிராளியும் வலிமை மிக்கவராகிக்கொண்டே வருவார். இடையில் ஓர் ஆட்டத்தையேனும் சமன் செய்து மூச்சு வாங்குவது வல்லவர்க்கும் இயல்பு. 1983இல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஆனந்த் ஒன்பது ஆட்டங்களில் ஒன்பது புள்ளி பெற்றார். மூச்சு வாங்கவே இல்லை!

அதன்பின் படிகள் விரைந்து கடந்தன. 1984இல் ஆசிய இளையோர் பட்டம்; பதினைந்து வயதில் சர்வதேச மாஸ்டர்; 1986இல், பதினாறு வயதில், தேசிய சாம்பியன். முதல் நாற்பது நகர்வுகளுக்கே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அளிக்கப்பட்ட அக்காலத்தில் அவர் பல ஆட்டங்களை அரைமணிக்குள் முடித்தார் என்பர். எதிராளி சிந்தித்துக்கொண்டிருக்க, இவர் எழுந்து மற்றவர் பலகைகளைப் பார்த்து உலவுவார்.

இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலக இளையோர் போட்டி 1951இல் தொடங்கியது. ஸ்பாஸ்கி, கார்ப்போவ், காஸ்பரோவ் ஆகியோர் அதில் வென்று, பின்னர் உலக சாம்பியன் ஆனவர்கள். 1987இல் அப்போட்டி நடந்த இடம் எது தெரியுமா? அதே பாகியோ. இவான்சுக் முதலிய சோவியத் இளைஞர்களும் ஆடிய அப்போட்டியில் ஆனந்த் வென்றார். அப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரும் ஆனார்.

அதே 1988இல்தான் வேகத்துக்குரிய விலையையும் கொடுக்க நேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் பீல் நகரில் கொலம்பிய வீரர் சபாட்டாவுடன் ஆடுகையில், அச்சில் வெளிவந்த ஓர் ஆட்டத்தில் தாம் கண்ட நகர்வொன்றை ஆனந்த் அப்படியே ஆடினார். பெரிய வீரர் ஒருவர் ஆடித் தப்பிய நகர்வு. பிழையிருக்கும் என ஐயுறவில்லை. சபாட்டா தம் ராணியைத் தம் அரசனுக்கு முன்கட்டத்தில் வைத்தார். அவ்வளவுதான். ஆனந்தின் குதிரைக்கு நேர்பின்னே அவருடைய அரசன் நின்றமையால், குதிரை விலக வழியின்றி அகப்பட்டது. ஆறே நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. அவர் இன்னும் கோட்டைகூடக் கட்டியிருக்கவில்லை!

கிராண்ட்மாஸ்டர் ஒருவர் இவ்வாறு தோற்றால் உலகம் நகைக்காமல் இராது. ஆயினும் ஆனந்த் வேகத்தைக் கைவிட்டாரில்லை. அச்சில் உள்ளதையும் தாமே சோதித்தறியும் பழக்கத்தை அதனுடன் சேர்த்துக்கொண்டார். 2000இலும் 2007இலும் உலகப் பட்டம் வந்தது.

அவருக்குப் பின் வந்த தமிழ்நாட்டுச் சிறுவர்களின் கணக்கு வேறு. பிரக்ஞானந்தா 2018இலும், குகேஷ் 2019இலும் பன்னிரண்டு வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆயினர். குகேஷ் 2024இல் பதினெட்டு வயதில் உலக சாம்பியன். ஆனந்த் ஏறிய படிகளை இவர்கள் எட்டு வயது, பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிரிவுகளிலேயே ஏறத் தொடங்கிவிட்டனர்.

செஞ்சி மாணவர்கள் மாலையில் ஒரு பலகை கிடைத்தால் அந்தப் பீல் ஆட்டத்தைப் பரப்பிப் பார்க்கலாம். கறுப்பின் ஐந்தாம் நகர்வு வரை காய்களை வைத்து நிறுத்தி, வெள்ளை ராணியைக் கையில் எடுக்குமுன், அக்குதிரையைக் காக்க ஏதேனும் வழி உண்டா என்று கறுப்பின் பக்கம் அமர்ந்து தேடிப் பாருங்கள்.